அசைய வேண்டிய முனை

சனத்நகர், ஹைதராபாத்
9-1-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

உஷா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் இருமல் விட்டதா? சென்னையில் குளிர் ஏது என்று ஸ்வெட்டரை இங்கேயே போட்டுவிட்டுப் போனாய். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு நல்ல சேதி. மாதாப்பூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்குக் கட்டுகிற இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆட்கள் நடந்து போக இரும்புப் பாலம் வரைந்திருப்பதாக எழுதியிருந்தாயே, அதைச் செய்கிற வேலை அப்பா வேலை பார்க்கிற ஷெட்டுக்கே வந்திருக்கிறது. நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது வரைபடத்தை மேஜையில் விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் பெரிய நட்டுகளை வைத்திருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு ஓரத்தில் இருந்த கட்டத்தைக் காட்டி, "இதுல இன்னா பேரு போட்டுக்கீது?" என்று கேட்டார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். வி. அருணாசலம். உன் பேர். அப்பா கையைப் பேன்டில் நன்றாகத் துடைத்துவிட்டு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, "பாரு, எங்க பாத்தாலும் போல்ட்டு. வெல்டிங் பத்தவெக்கணும்னா நம்ம பையனுக்குப் பயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தீபாவளிக்கு வந்தபோது நீ ஷெட்டுக்குப் போய், அப்பா வைத்த மூன்று வெல்டிங் சரியில்லை என்று ஆட்கள் முன்னால் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டாய். அதிலிருந்து அவர் உன்னோடு பேசுவதில்லை; என்னிடமும் "அவன்" என்றுதான் சொல்வார். நேற்று "நம்ம பையன்" என்றார். அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வர முடியாவிட்டால் கடிதமாவது போடு. எப்போதும்போல் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உன் தங்கை,
உஷா

குரோம்பேட்டை, சென்னை
16-1-2001

அன்புள்ள உஷாவுக்கு,

இருமல் போய்விட்டது. பொங்கலுக்கு மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். நீ செய்தால் இதைவிடக் கொஞ்சம்தான் மோசமாக இருக்கும். அப்பாவுக்குக் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? வெல்டிங் கண்ணாடி கீறிப்போயிருந்தால் மாற்றச் சொல்.

இனி எழுதுவதை அப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு.

பாலத்தின் தெற்கு முனையை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். வடக்கு முனையில் மட்டும் போல்ட்டு ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும். அங்கே நட்டைக் கையால் திருகி நிறுத்தி, கழலாமல் இருக்க மேலே இன்னொரு நட்டுப் போட்டால் போதும். ஸ்பானர் வைத்து இறுக்கக் கூடாது. வெல்டிங் வைக்கவே கூடாது. இருபது மீட்டர் இரும்பு, இப்போதைய குளிருக்கும் மே மாத வெயிலுக்கும் ஏழெட்டு மில்லிமீட்டர் நீளும். அந்த முனை நகர்ந்து கொடுக்காவிட்டால், தன்னைத் தாங்குகிற கான்கிரீட்டையே தள்ளி உடைத்துவிடும்.

இதை வரைபடத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். நேற்றுத்தான் கவனித்தேன். ஆபீஸில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. மேலதிகாரி அனந்தராமன் சாரிடம் போய் மறந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. திருத்திய பிரதி அனுப்பும்போது சத்தமில்லாமல் சேர்த்துவிடுவேன். அது வருவதற்குள் பாலம் மேலே ஏறிவிடலாம். ஆனால் அந்த ஷெட்டில் அப்பாவுக்குத் தெரியாமல் ஒருவரும் எதையும் இறுக்கமாட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் போதும், எனக்குப் பயமில்லை.

வாசித்ததும் அப்பா என்ன சொன்னார் என்று எழுது. திட்டினால் அதையும் எழுது.

அன்புடன்,
அருணாசலம்

சனத்நகர்
24-1-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கண்ணாடி மாற்றியாயிற்று.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று ஷெட்டிலிருந்து இரண்டு பேர் அப்பாவோடு டீ குடிக்க வந்திருந்தார்கள். "படி உஷா, என்ஜினியர் இன்னா எழுதிக்கிறாருன்னு இவங்களும் கேக்கட்டும்" என்றார் அப்பா. இருமலையும் பொங்கலையும் வாசித்தேன். கண்ணாடி விஷயம் வந்ததும் அப்பா அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தீர்களா என்பதுபோல. அடுத்த பத்தி வந்தது. வெல்டிங் வைக்கக் கூடாது என்று அப்பாவுக்கு, அதே ஆட்கள் முன்னால், என் வாயால் எப்படிச் சொல்வது? "அவ்வளவுதான்" என்று மடித்துவிட்டேன். தனியாக இருக்கும்போது கட்டாயம் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பி வாசிக்கச் சொன்னால் நான் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டேயிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு ஒன்பதாவதோடு நிறுத்தியபோது எல்லோரும் பாவப்பட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உஷா

குரோம்பேட்டை
31-1-2001

அன்புள்ள உஷாவுக்கு,

நலம். சொன்னாயா இல்லையா?

நேற்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவுக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நான் ஹலோ ஹலோ என்று டெலிபோன் பூத்தே அதிரக் கத்துகிறேன், நீ மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. அப்புறம் வைத்துவிட்டாய். வெளியே வந்து சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நான் கூப்பிட்டால் அப்பா போனுக்கு வரமாட்டார். அக்காவிடம் சொல்லியனுப்பக்கூடிய விஷயமா இது? மகன் மறந்ததை ஊரார் வாயால் அப்பா கேட்க வேண்டுமா?

ஒரே ஒரு வரி எழுது, சொல்லிவிட்டேன் என்று. அது போதும்.

அருணாசலம்

சனத்நகர்
7-2-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீ கேட்ட வரி: சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தூக்கி வைத்தார்கள். இரண்டு கிரேன் வந்ததாம். வைத்த இடத்தில் ஒரு விரல்கூட விலகவில்லை என்று அப்பா சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ரோஸ்லின் அக்கா எனக்குப் புடவையின் அடி ஓரத்தில் பால்ஸ் துணி வைத்துத் தைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த வாரம் நான்கு புடவை தைத்தேன். ஒன்றில் நூல் நிறம் கொஞ்சம் மாறிப்போயிற்று, யாரும் கவனிக்கவில்லை. இங்கே பகலில் இப்போதே வெயில் ஏறுகிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உஷா

குரோம்பேட்டை
21-5-2001

உஷா,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அப்பாவுக்கு அடி எதுவும் படவில்லை என்று ஆபீஸில் சொன்னார்கள். உண்மைதானே?

சைட்டிலிருந்து ஆபீஸுக்குப் போட்டோ வந்தது. வடக்கு முனைக்குக் கீழே இருந்த கான்கிரீட் தாங்கி பெயர்ந்து, அடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் மேல் விழுந்திருக்கிறது. பாலத்தின் அந்த முனையில் நான்கு பக்கமும் வெல்டிங். ஒரே சீராக, ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் வைத்த வெல்டிங். யார் கை என்று எனக்குத் தெரியாதா?

நீ சொல்லியிருக்கிறாய். அவர் கேட்டிருக்கிறார். கேட்ட பிறகும் செய்திருக்கிறார். நீ சொன்னபோது அவர் என்ன சொன்னார்? ஒரு சொல் விடாமல் எழுது.

அருணாசலம்

சனத்நகர்
2-6-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு அடி இல்லை. அவர் அங்கே இருக்கவில்லை.

அந்தப் பெயின்டர் பேர் யாதகிரி. மகபூப்நகர் பக்கம். நாற்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மூன்று நாளும் அப்பா அங்கே வராந்தாவில்தான் இருந்தார். நான் கொண்டுபோன சாப்பாட்டை யாதகிரியின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா தெலுங்கில் அப்பாவுக்கு நன்றி சொன்னார்கள். யார் என்று தெரியாமல் சொன்னார்கள்.

ஷெட்டில் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "கல் சே நக்கோ ஆவோ" என்று சொல்லிவிட்டார், நாளையிலிருந்து வர வேண்டாமாம். இருபத்தாறு வருஷம். அப்பா ஹெல்மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார்.

நீ கேட்டதற்குப் பதில்: சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

உஷா

குரோம்பேட்டை
18-6-2001

உஷாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் வேலையை விட்டுவிட்டேன். விடச் சொன்னார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். திருத்திய பிரதி பிப்ரவரி கடைசியில்தான் போயிருக்கிறது. ஏறிவிட்ட பாலத்துக்கு யார் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள்? "முதல் பிரதியில் குறிப்பு எங்கே?" என்று அனந்தராமன் சார் கேட்டார். மறந்தேன் என்றேன். வீட்டுக்கு எழுதினேன், அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தே ஒரு ஆளைக் கொன்றவர் ஆகிவிடுவார் அப்பா. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் உன்னிடம் சொல்வேன். ஒரு சுண்ணாம்புக்கட்டிக்காக இதைச் செய்துவிட்டார். "உன் போல்ட்டைவிட என் வெல்டிங் பெரிசு" என்று எனக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் யாதகிரி நின்றுவிட்டார்.

ஓசூரில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் சேர்கிறேன். விலாசம் கீழே இருக்கிறது. இனி என் கடிதம் எதையும் அவருக்கு வாசிக்காதே. நான் செத்தால்கூட அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டாம்.

அருணாசலம்

சனத்நகர்
3-9-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நலமா?

நான் சொல்லவே இல்லை.

ஜனவரியில் அந்த இரண்டு பேர் போனதும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பா தினமும் பாலத்தைப் பற்றியே பேசினார். நம்ம பையன் இப்படிப் போட்டிருக்கான், அப்படிப் போட்டிருக்கான் என்று. நான் வாயைத் திறந்தால் மறுபடியும் "அவன்" என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று. சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுதியபோது, தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லிவிடலாம், அப்போது அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன். போட்டுவிட்டு வந்தேன். அன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா லீவு நாளில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பையில் வெல்டிங் ராடு. எங்கே என்று கேட்டேன். "பையன் பாலத்துல ஒரு பக்கம் நட்டு கைக்கே சுத்துது. எவனோ இறுக்காம உட்டுட்டான். நாளிக்கு ஏதாச்சும் ஆனா பையன் பேருதான் கெடும். நானே போயி நாலு பக்கமும் வெச்சிட்டு வரேன்" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பைப் போட்டவர் நிமிர்ந்து, "இன்னாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அவர் உன்னை ஜெயிக்க அதை வைக்கவில்லை, அண்ணா. சைட்டில் யாரும் கேட்காமல், தன் லீவில் போய், உனக்காக வைத்தார்.

யாதகிரி இறந்த மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் அந்த முனை அசைய வேண்டியது என்று அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "அருணாசலம் இதப் பத்தி ஏதாவது எழுதனானா?" என்று கேட்டார். தீபாவளிக்குப் பிறகு முதல் முறையாக உன் பேரைச் சொன்னார். நான் இல்லை என்றேன். அதிலிருந்து, "பெத்தவங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல அவ்ளோ ரோஷமாடா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார். இப்போது வேலைக்கும் போவதில்லை. யார் கூப்பிட்டாலும் நக்கோ என்கிறார்.

நீ அவரை அப்படி நினைக்கிறாய். அவர் உன்னை இப்படி நினைக்கிறார். இரண்டும் நான் செய்தது.

உஷா

ஓசூர்
20-9-2001

உஷா,

உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன்னைத் திட்டி நான்கு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். சாரிடம் சொல்லப் பயந்துகொண்டு, பேசவே வராத பிள்ளையின் வாயில் அதைக் கொண்டுபோய் வைத்தவன் நான். அது எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் என்னால் உன்னை இப்போது மன்னிக்க முடியவில்லை. முடியும்போது சொல்கிறேன்.

என் ஜனவரிக் கடிதம் உன்னிடம் இருக்கும், நீ எதையும் எறிய மாட்டாய். அதை எடுத்து அப்பாவுக்கு வாசி. தேதியிலிருந்து தொடங்கு. அவர் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே. நானே வந்து சொல்லலாம். ஆனால் நான் சொன்னால், தப்பித்துக்கொள்ள இப்போது சொல்கிறான் என்று அவருக்குப் படும். நீதான் வாசிக்க வேண்டும்.

வாசித்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதே. அதை நான் நம்பமாட்டேன். அப்பா எழுதச் சொல்லட்டும்.

அருணாசலம்

சனத்நகர்
11-10-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். அதனால் அப்பாவின் கடிதம் தபாலில் போகும்வரை காத்திருந்தேன். திங்கட்கிழமை போயிற்று. இந்நேரம் உனக்கு வந்திருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எப்படி எழுதினார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் அப்பா டீ குடித்து முடித்ததும் எதிரே உட்கார்ந்து வாசித்தேன். குரோம்பேட்டை, பதினாறு, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று. தேதி கேட்டதும் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. வெல்டிங் வைக்கவே கூடாது என்ற இடத்தில் ஒரு சொல் விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து அந்த வரியை வாசித்தேன். எனக்குப் பயமில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதுவரை முழுதும் வாசித்தேன்.

"இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவன் ஒழுங்காத்தான் எழுதிக்கிறான்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்குப் படிச்சிருந்தா கத்தியிருப்பேன். ரெண்டு நாள் சோறு துன்னாம இருந்திருப்பேன். ஆனா அதுல கை வெச்சிருக்க மாட்டேனே, உஷா."

அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. எழுந்து சட்டையைப் போட்டார். என் கையிலிருந்த உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு ரோஸ்லின் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா அதை அவருக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினார்கள். நான் எதையாவது விட்டிருக்கிறேனா என்று பார்க்கத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இன்லன்ட் லெட்டர் வாங்கிக்கொண்டு மறுபடியும் அங்கேதான் போனார். அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார்கள். இனி உனக்கு எழுதுவதென்றாலும், நீ எழுதுவதை வாசிப்பதென்றாலும் அங்கேதான். அதனால் அப்பாவுக்கு ரோஸ்லின் அக்கா விலாசத்துக்கே போடு. இங்கே போட்டால் நான் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், ஆனால் அவருக்கு அது சந்தேகமாக இருக்கும்.

அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பேசுவது கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. குழாயை மூடியிருந்தால் எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும். பாத்திரம் தீர்ந்த பிறகும் தண்ணீரைத் திறந்தே விட்டிருந்தேன்.

உஷா